பந்தய லாரியின் டீசல் இன்ஜின்: கொள்ளளவைக் கூட்டினால் எவ்வளவு கிடைக்கும்?

டீசல் இன்ஜினின் கொள்ளளவு என்பது, அதன் பிஸ்டன்கள் எல்லாம் ஒருமுறை மேலிருந்து கீழே இறங்கும்போது விடும் இடத்தின் மொத்த அளவு. சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், சிலிண்டர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. விட்டத்தைப் பட்டறைகளில் போர் என்பார்கள். பிஸ்டன் போகும் தூரம் ஸ்ட்ரோக். மோட்டார் சைக்கிளுக்கு சி.சி. கணக்கிலும் லாரிக்கு லிட்டர் கணக்கிலும் சொல்லப்படுவது இந்தக் கொள்ளளவுதான். 1,000 சி.சி. ஒரு லிட்டர்.

கொள்ளளவு கூடினால் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றை உள்ளே இழுக்கும். காற்று கூடினால் அதிக டீசலைக் கரும்புகை இல்லாமல் எரிக்கலாம். எரியும் டீசல் கூடினால் சக்தி கூடும். லாரியைப் பந்தயத்துக்கோ இழுவைப் போட்டிக்கோ தயார் செய்பவர்கள் முதலில் கொள்ளளவின் மீது கண் வைப்பது இதனால்தான். ஆனால் கிடைத்த சக்தியில் கொள்ளளவின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பலரும் எதிர்பார்க்காத விடை வருகிறது. இந்தியாவிலேயே நடந்த ஒரு லாரிப் பந்தயம் அதற்குத் தெளிவான சான்று.

கொள்ளளவு வளர்ந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளப் பந்தயத் திடல்வரை போகவேண்டியதில்லை. தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் பாபநாசத்தைக் கடந்து போகும் வண்டிகளிலேயே அது இருக்கிறது. டாடா லாரிகளில் பல ஆண்டுகள் ஓடிய 692 இன்ஜினுக்கு 6 சிலிண்டர், 92 மி.மீ. போர். அதன் ஸ்ட்ரோக் 120 மி.மீ., கொள்ளளவு 4,788 சி.சி. அதற்குப் பின் வந்த 697இல் போர் 97 மி.மீ., ஸ்ட்ரோக் 128 மி.மீ. ஆயின, கொள்ளளவு 5,675 சி.சி.க்கு ஏறியது. போரில் 5 மி.மீ., ஸ்ட்ரோக்கில் 8 மி.மீ. கூட்டியதற்கு 18 சதவீதத்துக்கும் மேல் கொள்ளளவு கிடைத்தது. ஊருக்கு ஊர் தெரிந்த டாடா 407 வண்டியின் 497 இன்ஜினிலும் இதே கணக்கு: 4 சிலிண்டர், 97 மி.மீ. போர், 2,956 சி.சி. சென்னை எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் பேருந்துகளின் 370, 400 இன்ஜின்களில் அந்த எண்களே கன அங்குலத்தில் கொள்ளளவைச் சொல்கின்றன. 370 என்றால் சுமார் 6.06 லிட்டர்; 400 என்றால் சுமார் 6.55 லிட்டர்.

1993இல் டாடாவும் அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனமும் சேர்ந்து டாடா கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஜாம்ஷெட்பூரில் அமைந்த அதன் ஆலையிலிருந்து வந்த 5.9 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின் லட்சக்கணக்கான இந்திய லாரிகளை இழுத்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றிப்போகும் லாரிகளில் ஓடிய அதே குடும்பத்து இன்ஜினைத்தான் அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் பொருத்தினார்கள். இன்று அங்கே நடக்கும் டீசல் இழுவைப் போட்டிகளிலும் நேர்கோட்டு ஓட்டப் பந்தயங்களிலும் மிகுதியாகத் திருத்தப்படும் இன்ஜின்களில் அது ஒன்று. சுமைக்காகப் பிறந்த இன்ஜின் போட்டிக்கு எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டால், சுமைக்காகப் பிறந்ததாலேயே பொருந்துகிறது என்பதுதான் பதில். தடித்த வார்ப்பு, ஏழு மெயின் பேரிங் தாங்கும் கிராங், மெதுவாகச் சுற்றும் இயல்பு ஆகியவை கூடுதல் அழுத்தத்தைத் தாங்க இடம் வைக்கின்றன.

புத் சர்க்யூட்டில் ஓடிய பிரைமா

டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேசப் பந்தயத் திடலில் 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டுகள், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் டி1 பிரைமா லாரிப் பந்தயம் நடந்தது. பாபநாசம் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து நெல் லாரி ஏறும் பருவம் அது. டாடா மோட்டார்ஸ் நடத்திய இந்தப் பந்தயத்தின் முதல் ஆண்டில் ஆறு அணிகள், பன்னிரண்டு லாரிகள். அந்த ஆண்டு ஓட்டியவர்கள் வெளிநாட்டுப் பந்தய ஓட்டுநர்கள். 2016இல் பயிற்சி பெற்ற இந்திய லாரி ஓட்டுநர்களும் திடலில் இறங்கினார்கள். நெடுஞ்சாலையில் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர்கள் உலகத் தரத் திடலில் பந்தய உடையில் நின்றது இந்திய மோட்டார் வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்வு.

தொடக்கத்தில் ஓடியவை பிரைமா 4038 டிராக்டர் லாரிகள். கம்மின்ஸின் 8.9 லிட்டர் இன்ஜின், சுமார் 370 குதிரைத்திறன். 2017இல் இறங்கிய புதிய பந்தய லாரியில் கம்மின்ஸின் 12 லிட்டர் இன்ஜின் பொருத்தப்பட்டது. சரியாகச் சொன்னால் 11.8 லிட்டர். அதன் சக்தி 1,040 குதிரைத்திறன், முறுக்குவிசை 3,500 நியூட்டன் மீட்டர்.

இந்த இரண்டு இன்ஜின்களின் அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். 8.9 லிட்டர் இன்ஜினின் போர் 114 மி.மீ., ஸ்ட்ரோக் 144.5 மி.மீ. 11.8 லிட்டர் இன்ஜினின் போர் 132 மி.மீ., ஸ்ட்ரோக் 144 மி.மீ. பின்னது முன்னதைக் குடைந்து செய்ததல்ல, தனி வடிவமைப்பு. ஆயினும் ஸ்ட்ரோக் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, 18 மி.மீ. போர் கூடியதே மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவைக் கூட்டிவிட்டது. சிலிண்டர் வாயின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளர்வதே இதற்குக் காரணம்.

கொள்ளளவு வளர்ந்தது மூன்றில் ஒரு பங்கு. சக்தியோ ஏறத்தாழ 2.8 மடங்கு ஆனது. பழைய இன்ஜின் ஒரு லிட்டருக்குச் சுமார் 42 குதிரைத்திறன் தந்தது. அதே விகிதத்தில் 11.8 லிட்டருக்கு 490 குதிரைத்திறன்தான் வந்திருக்கும். ஆகவே கூடிய 670 குதிரைத்திறனில் கொள்ளளவு நேராகத் தந்தது 120 மட்டுமே. மீதி 550 வேறு வழியில் வந்தது. புதிய இன்ஜின் ஒரு லிட்டருக்கு 88 குதிரைத்திறன் தருகிறது. காவிரிப் படுகை வயல்களில் உழும் மாஸ்ஸி 241 டிராக்டரின் 2.5 லிட்டர் சிம்ப்சன் இன்ஜின் 42 குதிரைத்திறன். லிட்டருக்கு 17கூட இல்லை. அதில் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ கிடையாது. அந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

காற்றின் எடை

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதில் 3,000 கலத்துக்குமேல் ஒரு மரக்காலும் ஏற்ற முடியாது. நெல்லை அமுக்க இயலாது. காற்றை அமுக்கலாம். அதே சிலிண்டருக்குள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு காற்றையும் டர்போ திணிக்கும். இன்ஜினுக்கு வேண்டியது காற்றின் பருமன் அல்ல, எடை.

1,040 குதிரைத்திறன் என்பது சுமார் 770 கிலோவாட். நல்ல டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் டீசல் எரிக்கும். அப்படியானால் முழுச் சக்தியில் மணிக்கு 160 கிலோ டீசல் தேவை. ஒரு கிலோ டீசல் முழுக்க எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று போதும். டீசல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், கரும்புகை வராமல் இருக்க 20 கிலோ அளவில் கொடுப்பது நல்லது. மணிக்கு 3,200 கிலோ. ஒரு நொடிக்கு 900 கிராம் காற்று. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் 11.8 லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமல் தானாக இழுக்கக்கூடியது நொடிக்கு 280 கிராம் அளவே. ஆக, வெளிக்காற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தியான காற்று சிலிண்டருக்குள் போயாகவேண்டும். இதை டர்போவும், அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து செய்கின்றன.

அப்படியென்றால் சிறிய இன்ஜினிலேயே இன்னும் பெரிய டர்போவை மாட்டிவிடலாமே என்று தோன்றும். கொள்ளளவின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. டர்போவைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வெளியேறும் எரிந்த வாயு. பெரிய டர்போவுக்கு அந்த வாயு நிறைய வேண்டும். சிறிய இன்ஜின் குறைந்த சுற்றில் அவ்வளவு வாயுவைத் தருவதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் கரும்புகை மட்டும் வந்து, வண்டி சற்று நேரம் சோர்ந்து நிற்கும். கொள்ளளவு பெரிதானால் அதே டர்போ குறைந்த சுற்றிலேயே வேகம் பிடிக்கும். வளைவில் வேகம் குறைத்து மறுபடி சீற வேண்டிய பந்தய லாரிக்கு, உச்சச் சக்தியைவிட இப்படிச் சட்டென வேகம் பிடிப்பது முக்கியம். கொள்ளளவு சக்தியின் ஊற்று என்பதைவிட, சக்தியைச் சுமக்கும் அடித்தளம் என்பதே பொருத்தம்.

நெல் மூட்டை ஏற்றிக் கொள்முதல் நிலையத்தின் மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் லாரியிலும் இதையே பார்க்கலாம். நின்ற நிலையில் டர்போ உதவிக்கு வராது. அந்த முதல் சில அடிகளைக் கொள்ளளவுதான் இழுக்கவேண்டும்.

போரைக் கூட்டுவது

இருக்கும் இன்ஜினின் கொள்ளளவைக் கூட்ட இரண்டே வழிகள்: போரைப் பெரிதாக்குவது, ஸ்ட்ரோக்கை நீட்டுவது. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். கம்மின்ஸ் நிறுவனமே தன் 5.9 லிட்டர் இன்ஜினை 6.7 லிட்டராக வளர்த்தபோது இரண்டையும் செய்தது. போர் 102 மி.மீ.யிலிருந்து 107க்கும், ஸ்ட்ரோக் 120இலிருந்து 124க்கும் போயின. கூடிய 13.7 சதவீதத்தில் போர் தந்தது 10. ஸ்ட்ரோக் தந்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் 2007இல் இந்த இன்ஜின் வந்தது.

போரைக் கூட்டுவதற்கு எல்லை வைப்பது இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள இரும்பு. 5.9இல் சிலிண்டர்களுக்கு இடையே தண்ணீர் ஓட வழி இருந்தது. 6.7இல் சிலிண்டர் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வார்க்கப்பட்டன. இன்ஜினின் வெளி நீளத்தைக் கூட்டாமல் உள்ளே இடம் கண்டுபிடிக்க இதுவே வழியாக இருந்தது. இதைத் தொழிற்சாலையில் வார்ப்பு அச்சையே மாற்றிச் செய்யலாம். பட்டறையில் பழைய பிளாக்கைக் குடைந்து செய்ய முடியாது. குடையக் குடையச் சுவர் மெலியும். அழுத்தம் ஏறும்போது மெலிந்த சுவர் வட்டம் கெட்டு நெளியும், ரிங் பிடிக்காது, கடைசியில் வெடிக்கும். வார்க்கும்போது உள் அச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் தொடக்கத்திலேயே மெலிதாக இருக்கும். அதனால் போட்டி இன்ஜின் செய்பவர்கள் குடைவதற்குமுன் ஒலியலைக் கருவியால் சுவரின் தடிமனை அளந்து பார்க்கிறார்கள். 1999க்கும் 2001க்கும் இடையே வந்த 5.9 இன்ஜின்களில் ‘53’ என்ற எண் பொறித்த பிளாக்குகள் தண்ணீர் அறையின் சுவரில் விரிசல் விடுவதற்குப் பேர்போனவை. அத்தகைய பிளாக்கை நம்பிப் போட்டிக்கு இன்ஜின் கட்டுவதை விவரம் தெரிந்தவர்கள் தவிர்க்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களையவேண்டும். தேய்ந்த இன்ஜினை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் வண்டியின் இழுவை கூடுவதாகப் பலர் நம்புகிறார்கள். 102 மி.மீ. போரை அரை மில்லிமீட்டர் கூட்டினால் கொள்ளளவு கூடுவது ஒரு சதவீதம், 5,883 சி.சி. 5,941 ஆகும். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ரீபோருக்குப் பின் வண்டி நன்றாக இழுப்பது, ஒழுகிக்கொண்டிருந்த கம்ப்ரஷன் திரும்பக் கிடைத்ததால்தான். ரீபோர் பழுதுநீக்கம், சக்தி கூட்டும் வேலை அல்ல.

போர் கூடும்போது இன்னொரு சுமையும் கூடவே ஏறுகிறது. எரியும்போது சிலிண்டருக்குள் எழும் உச்ச அழுத்தம் வெளிக்காற்றைப் போல 200 மடங்கு என்று கொண்டால், 114 மி.மீ. பிஸ்டனின் தலையை அது அமுக்கும் விசை சுமார் 21 டன். 132 மி.மீ. பிஸ்டனில் அது 28 டன். இத்தனை விசையும் பிஸ்டன் பின், கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்குக்குப் போகிறது. அதே விசை மேலே ஹெட்டைப் பிளாக்கிலிருந்து பெயர்த்தெடுக்கவும் பார்க்கிறது. போட்டி இன்ஜின்களில் சாதாரண ஹெட் போல்ட்டுகளுக்குப் பதிலாக உயர்ரக எஃகு ஸ்டட்டுகள் முறுக்கப்படுவதும், ஹெட் கேஸ்கட்டின் வாயில் எஃகு வளையம் பதிக்கப்படுவதும் இதற்காகத்தான்.

ஸ்ட்ரோக்கை நீட்டுவது

ஸ்ட்ரோக்கை நீட்ட வேண்டுமானால் கிராங்கை மாற்றவேண்டும். கிராங்கின் மையத்துக்கும் ராடு பிடிக்கும் ஜர்னலின் மையத்துக்கும் உள்ள தூரத்தைப் போல இரு மடங்கே ஸ்ட்ரோக். 4 மி.மீ. ஸ்ட்ரோக் கூடினால் பிஸ்டன் முன்பைவிட 2 மி.மீ. மேலே ஏறும், 2 மி.மீ. கீழே இறங்கும். டீசல் இன்ஜினில் மேல்நிலையில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. எனவே ராடைக் குறைக்கவேண்டும், அல்லது பிஸ்டனில் பின் துளையை மேலே தள்ளவேண்டும். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். கீழே கிராங்கின் எடைக்கல்லும் ராடும் பிளாக்கின் சுவரில் உரசாமல் இருக்க அங்கங்கே இரும்பைச் சுரண்டவும் நேரும்.

கம்ப்ரஷன் விகிதமும் மாறும். 5.9 இன்ஜினின் ஒரு சிலிண்டர் 980 சி.சி. 17க்கு 1 என்ற விகிதத்தில் எரியும் அறையின் அளவு சுமார் 61 சி.சி. அந்த அறையை அப்படியே விட்டு 124 மி.மீ. ஸ்ட்ரோக் கொடுத்தால் விகிதம் சுமார் 17.5க்கு ஏறும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டர்போ அழுத்தம் மிகுந்த போட்டி இன்ஜினில் இது எதிர்த்திசை. உச்ச அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க, போட்டிக்காரர்கள் பிஸ்டன் தலையின் குழியைப் பெரிதாக்கி விகிதத்தைக் குறைக்கவே செய்கிறார்கள். அதனால் குளிர்காலத்தில் இன்ஜின் கிளம்பச் சிரமப்படும் என்பதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

நீண்ட ஸ்ட்ரோக்கின் இன்னொரு எல்லை பிஸ்டனின் வேகம். 144 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். இது நீண்ட நாள் தாங்கும். 124 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பிக்கப் இன்ஜினைப் போட்டியில் 4,000 சுற்றுவரை விரட்டும்போது அது நொடிக்கு 16.5 மீட்டர் ஆகிறது. கனமான டீசல் பிஸ்டனை அந்த வேகத்தில் நிறுத்தித் திருப்புவது ராடுக்குப் பெரும் சோதனை. ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்து வெளியேறும் விபத்துகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் நடக்கின்றன.

டீசல், வெப்பம், புகை

காற்று போய்ச் சேர்ந்தால் போதாது; அதற்கு ஈடான டீசலும் குறித்த நேரத்தில் சேரவேண்டும். மணிக்கு 160 கிலோ எரிக்கும் 6 சிலிண்டர் இன்ஜின் 2,400 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு பீய்ச்சலிலும் 0.4 கிராமுக்குச் சற்றுக் குறைவான டீசல் உள்ளே போகவேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் கிராங் சுமார் 30 டிகிரி திரும்பும் நேரம். அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதைத் தாண்டித் தெளிக்கப்படும் டீசல் வேலை செய்யாமல் வெப்பமாகவும் புகையாகவும் வெளியேறும். பெரிய நாசில், உயர் அழுத்தப் பம்பு, மறுபடி எழுதப்பட்ட கணினிக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் இல்லாமல் கொள்ளளவை மட்டும் கூட்டியவருக்குச் செலவுக்கேற்ற பலன் கிடைக்காது.

நேர்மாறான பிழை இன்னும் ஆபத்தானது: காற்றைக் கூட்டாமல் பம்பை மட்டும் திறந்துவிடுவது. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். வெளியேறும் வாயு 700 டிகிரியைத் தாண்டிய நிலையில் இன்ஜின் நெடுநேரம் சுமையோடு ஓடினால் பிஸ்டனின் தலை இளகி அரிபடும். கொள்ளளவு பெரிதானால் அதே சக்தியை அதிகக் காற்றோடு, குறைந்த வெப்பத்தில் எடுக்கலாம். போட்டியில் கடைசிச் சுற்றுவரை தாக்குப்பிடிக்க இது பேருதவி.

எவ்வளவு வெப்பத்தைத் தாங்கவேண்டும் என்பது போட்டியின் வகையைப் பொறுத்தது. இழுவைப் போட்டியில் எடை ஏற்றிய சறுக்குவண்டியைப் பிக்கப் லாரி இழுத்துப்போகும் தூரம் சுமார் 100 மீட்டர். சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்காகவே சிலர் பிளாக்கின் தண்ணீர் அறைகளில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றி இறுகவிடுகிறார்கள். சுவர்கள் அசையாமல் நிற்கும். அந்தச் சில நொடிகளுக்குத் தண்ணீர் தேவைப்படாது. இதே இன்ஜினைத் திடலில் பல சுற்று ஓட்டினால் வெந்துபோகும். திடல் பந்தய லாரிக்குப் பெரிய ரேடியேட்டரும், ஐந்தரை டன் எடையை நிறுத்தித் திணறும் பிரேக்குகள் மீது தண்ணீர் தெளிக்கும் அமைப்பும் வேண்டும். பாலைவன ராலியில் ஓடும் லாரியோ பல நாள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்கவேண்டும். மூன்றுக்கும் ஒரே இன்ஜின் பொருந்தாது.

விதிகள் இழுத்த கோடு

கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போக எந்தப் பெரிய போட்டியும் அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய லாரிப் பந்தயத்தில் உச்சவரம்பு 13 லிட்டர். வேகத்துக்கும் மணிக்கு 160 கி.மீ. என்ற வரம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும்படி புகை விட்டால் தண்டனை உண்டு. அந்த வரம்புக்குள்ளேயே அங்குள்ள லாரிகள் 1,000 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கின்றன. வேகத்துக்கு வரம்பு இருப்பதால், வளைவிலிருந்து வெளிவந்து 160ஐ யார் முதலில் தொடுகிறார்கள் என்பதுதான் போட்டி. அது முறுக்குவிசையின் வேலை.

டக்கார் பாலைவன ராலியின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ரஷ்யாவின் காமாஸ் அணி நெடுங்காலம் 17 லிட்டருக்கும் மேற்பட்ட வி8 இன்ஜின்களோடு ஓடியது. விதி 16.5 லிட்டருக்குக் குறைந்தபோது 16.2 லிட்டர் லீபெர் இன்ஜினுக்கு மாறியது. வரம்பு 13 லிட்டருக்கு இறங்கியபோது 6 சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜினை எடுத்தது. முதலில் இருந்த கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்கு போனபின்னும் சக்தி 1,000 குதிரைத்திறனை ஒட்டியே நின்றது. இன்ஜின் இலேசானதால் முன் அச்சின் சுமையும் குறைந்தது. 2022 டக்காரில் லாரிப் பிரிவின் முதல் நான்கு இடங்களையும் காமாஸே பிடித்தது.

இந்தக் கணக்குகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், போட்டி லாரிக்குக் கொள்ளளவைக் கூட்டுவது விதி அனுமதிக்கும் வரையில் நல்ல தொடக்கம். பட்டறையில் பிளாக்கைக் குடைந்து அதைத் தேடுவதைவிட, ஆலையே பெரிதாகச் செய்த இன்ஜினை எடுத்துக்கொள்வது எப்போதும் உறுதியானது. பிரைமா பந்தயத்தில் டாடா செய்ததும் அதுதான். அதற்குப்பின் சக்தியைத் தருவது டர்போவும் டீசல் பீய்ச்சலும். அந்தச் சக்தியைத் தாங்குவது பிளாக், ஹெட், ராடு ஆகியவற்றின் உறுதி.

இந்த வேலைகள் எல்லாம் மூடிய திடலுக்கும் போட்டி வண்டிக்கும் உரியவை. சாலையில் ஓடும் லாரியின் பதிவுச் சான்றிதழில் இன்ஜினின் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி அப்படித் திருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.